2007இல் ஒரு படத்தை வீட்டுக்குக் கொண்டுவர: கடையா, தபாலா, பதிவிறக்கமா, ஸ்ட்ரீமிங்கா?

பிளாக்பஸ்டர் என்ற அமெரிக்க வீடியோ வாடகைக் கடைச் சங்கிலியின் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிறுத்திச் சிரிப்பார்கள். 2000ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தை 5 கோடி டாலருக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று வந்து கேட்டார்கள், பிளாக்பஸ்டர் வேண்டாம் என்றது, 2010இல் திவாலானது. இந்தக் கதையை நான் எப்போது எழுதினாலும் வாசகர்களில் சிலர் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். நிறுவனங்கள் கிடக்கட்டும், அன்று அமெரிக்காவில் இருந்த ஒரு சாதாரண வீடு எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்? நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள், நீங்கள் எதை எடுத்தீர்கள்?

நியாயமான கேள்வி. நான் அப்போது நியூஜெர்சியில், எடிசனை ஒட்டிய ஒரு குடியிருப்பில் மூன்று நண்பர்களோடு இருந்தேன். ஒரு தொலைக்காட்சி, ஒரு டிவிடி பெட்டி, தொலைபேசிக் கம்பி வழியே வரும் ஒரு டிஎஸ்எல் இணைய இணைப்பு, நான்கு விதமான ரசனை.

ஒப்பிட்டுப் பார்க்க 2007இன் தொடக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். நான்கு வழிகளும் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்த காலம் அது. பிளாக்பஸ்டருக்கு அமெரிக்காவில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் கடைகள். வாடகை டிவிடிகளைச் சுமந்த நெட்ஃபிளிக்ஸின் சிவப்பு உறைகள் தபாலில் போய்வந்துகொண்டிருந்தன. ஆப்பிளும் அமேசானும் முந்தைய செப்டம்பரில்தான் படப் பதிவிறக்கத்தைத் தொடங்கியிருந்தன. ஜனவரி 16 அன்று நெட்ஃபிளிக்ஸ் இணையத்தில் நேரடியாகப் பார்க்கும் வசதியை அறிவித்தது. பந்தயத்தில் எந்தக் குதிரை ஜெயித்தது என்று இன்று நமக்குத் தெரியும். அன்று பணம் கட்டியவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

முதலில், கேட்ட படம் கிடைக்குமா என்பது. கிடைக்கிற படத்தைப் பார்ப்பது வேறு, பார்க்க நினைத்த படத்தைப் பார்ப்பது வேறு. அடுத்து, எப்போது கிடைக்கும்: நினைத்த இரவிலா, நாளை மறுநாளா? மூன்றாவது பணம். பலகையில் எழுதியிருக்கும் வாடகை போதாது. மாதக் கடைசியில் அபராதம், பெட்ரோல், கருவி எல்லாம் சேர்ந்து கையை விட்டுப் போன மொத்தத்தைப் பார்க்க வேண்டும். நான்காவது, எந்தத் திரையில் ஓடும்: கூடத்துத் தொலைக்காட்சியிலா, மேசைக் கணினியிலா?

ஐந்தாவதைப் பெரும்பாலானோர் கேட்கவே இல்லை. நானும் அப்போது கேட்கவில்லை. இந்தப் படத்தை எனக்குக் காட்ட யாருடைய அனுமதி வேண்டும்? அந்த அனுமதியை யார் திரும்பப் பெற முடியும்?

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற நான்குக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது: சட்டப்படி தயாரான ஒரு பிரதியை விலை கொடுத்து வாங்கியவர், அந்தப் பிரதியை விற்கலாம், கைமாற்றலாம், படமென்றால் வாடகைக்கும் விடலாம். தயாரித்தவரைக் கேட்க வேண்டியதில்லை. 1977இல் லாஸ் ஏஞ்சலஸின் வில்ஷயர் சாலையில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் முதன்முதலாகப் படக் கேசட்டுகளை வாடகைக்கு விடத் தொடங்கியபோது, அவர் காலூன்றி நின்றது இந்த விதியின் மேல்தான். ஸ்டூடியோக்களுக்கு அது பிடிக்கவில்லை. 1980களில் சட்டத்தை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் முட்டி மோதிப் பார்த்தார்கள். இசைத்தட்டு நிறுவனங்கள் கேட்டது 1984இல் கிடைத்தது, தட்டுகளை வாடகைக்கு விடுவது நின்றது. திரைப்படத் துறை கேட்டது கிடைக்கவே இல்லை.

ஆகவே படத்தின் டிவிடி கடைக்கு வந்த நாளில் யார் வேண்டுமானாலும் பணம் கொடுத்து வாங்கி வாடகைக்கு விடலாம். இணையத்தில் அனுப்புவது அப்படியல்ல. அங்கே கைமாற ஒரு பொருளே இல்லை, ஒவ்வொரு முறையும் புதுப் பிரதி உருவாகிறது. அதற்கு 109ஆம் பிரிவு பொருந்தாது. ஒவ்வொரு படத்துக்கும் உரிமையாளரிடம் ஒப்பந்தம் போட வேண்டும், அதில் தேதி இருக்கும், விலை இருக்கும், "எங்கள் தொலைக்காட்சி ஒப்பந்தத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாது" என்று ஒரு வரியும் இருக்கும். கடைக்காரர் காசைக் கொடுத்து வாங்கினார்; இணையக்காரர் வாசலில் நின்று கேட்டு வாங்கினார்.

## கடை

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒரு வீடியோ கடைக்குள் போனவர்களுக்கு அந்தச் சுவர் நினைவிருக்கும். ஒரே புதுப் படத்தின் நாற்பது ஐம்பது அட்டைப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். பெரும்பாலான பெட்டிகளுக்குப் பின்னால் டிவிடித் தட்டு இருக்காது.

இந்தச் சுவருக்கு ஒரு கணக்கு உண்டு. கேசட் காலத்தில் வாடகைக் கடைக்கு ஒரு புதுப் படத்தின் கேசட் 65 டாலருக்கு மேல் விழும். எனவே கடைகள் இரண்டு மூன்று பிரதிகளோடு நிறுத்திக்கொண்டன, வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பினார். 1990களின் இறுதியில் பிளாக்பஸ்டர் ஸ்டூடியோக்களோடு வருவாய்ப் பங்கீட்டுக்குப் போனது. முதலில் சில டாலர்களே கொடுத்துப் பிரதியை எடுத்துக்கொள், வாடகையில் எங்களுக்குப் பங்கு கொடு என்பது ஏற்பாடு. புதுப் படம் ஏராளமாகக் கிடைத்தது. அந்த அளவுக்குப் பழைய படத்துக்கு இடம் சுருங்கியது. சங்கிலிக் கடைக்குப் போய் ஒரு ஜப்பானியப் படத்தைக் கேட்டால், அங்கே நிற்கும் பையன் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பான்.

தனிக் கடைகள் வேறு ஜாதி. சியாட்டிலின் ஸ்கேர்குரோ வீடியோவில் இருந்தது கடையிருப்பு அல்ல, ஆவணக் காப்பகம். இன்று அது லாப நோக்கற்ற அமைப்பாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளோடு நடக்கிறது. கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரின் ஒரு வீடியோ கடையில் கல்லாவில் நின்று படம் பரிந்துரைத்த குவென்டின் டாரன்டினோ பிறகு என்ன ஆனார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நடந்து போகும் தூரத்தில் அப்படி ஒரு கடை இருந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. எங்களுக்கு இல்லை.

செலவுக்கு வருவோம். புதுப் படத்துக்கு வாடகை நான்கு டாலரை ஒட்டி. கடைக்கு ஒரு தடவை போனால் போதாது, திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை. தாமதமானால் அபராதம். 2000ஆம் ஆண்டில் பிளாக்பஸ்டர் தாமதக் கட்டணமாக மட்டும் சுமார் 80 கோடி டாலர் வசூலித்தது என்றால், மறதிக்கு எவ்வளவு விலை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2005 ஜனவரியில் "தாமதக் கட்டணம் ஒழிந்தது" என்று பெரிய விளம்பரம் செய்தார்கள். ஒழிந்தது உண்மைதான், ஆனால் கெடு முடிந்து ஒரு வாரம் ஆனால் தட்டை நீங்கள் வாங்கிவிட்டதாக வைத்து முழு விலையும் அட்டையில் ஏறும். ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் 1.25 டாலரைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். விளம்பரம் ஏமாற்றுகிறது என்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கேள்வி எழுப்பி, நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் இருந்த ஒரு கடையில் எடுத்த தட்டு சோபாவின் மெத்தைக்கு அடியில் மூன்று வாரம் தூங்கியது. கட்டிய தொகையில் அந்தப் படத்தைப் புதிதாகவே வாங்கியிருக்கலாம். அது நல்ல படமும் இல்லை.

இருந்தாலும் கடைக்கு ஒரு குணம் இருந்தது, மற்ற மூன்றுக்கும் இல்லாதது. எட்டு மணிக்குத் தோன்றியதை ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். குழந்தைகள் இருந்த வீடுகளுக்கு அந்த அரைமணி நேர உலாவே பாதிப் பொழுதுபோக்கு.

பேரங்காடி வாசல்களில் முளைத்துக்கொண்டிருந்த ரெட்பாக்ஸ் சிவப்புப் பெட்டிகளையும் இங்கேயே சொல்லி முடிக்கலாம். ஓர் இரவுக்கு ஒரு டாலர். பெட்டிக்குள் சில நூறு தட்டுகள்தான், எல்லாம் புதுசு. பால் வாங்கப் போகும் இடத்திலேயே பெட்டி இருந்தால் கடையைவிட அதுவே மேல்.

## தபால்

டிவிடி 1997 மார்ச்சில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 12 செ.மீ. குறுக்களவு, 16 கிராம் எடை. கனத்த கேசட்டைத் தபாலில் அனுப்பினால் கட்டுப்படியாகாது. இந்தத் தட்டு சாதாரண உறைக்குள் ஓர் அவுன்ஸுக்குள் அடங்கிவிடும். 2007 தொடக்கத்தில் அதற்குத் தபால்தலை 39 சென்ட். நெட்ஃபிளிக்ஸ் என்ற தொழிலே இந்த எடைக் கணக்கில் பிறந்ததுதான். கலிபோர்னியாவின் ஸ்காட்ஸ் வேலி என்ற சிற்றூரில் ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ரேண்டால்ஃபும் தொடங்கிய நிறுவனம், 1998 ஏப்ரலில் சுமார் 900 தலைப்புகளோடு வாடகைக்கு இறங்கியது. மறு ஆண்டு மாதச் சந்தா வந்தது. கெடு இல்லை, அபராதம் இல்லை.

2007இல் அவர்களிடம் 70,000 தலைப்புகளுக்கு மேல் இருந்தன. யாரிடமும் அனுமதி கேட்காமல் விலைக்கு வாங்கிச் சேர்த்தவை பெரும்பாலும். சத்யஜித் ராய் படமும் கிடைக்கும், 1970களின் ஹாங்காங் சண்டைப் படமும் கிடைக்கும். இந்திப் படங்கள் கணிசம், தமிழ் கொஞ்சம். புதுத் தமிழ்ப் படத்துக்கு நாங்கள் எங்கள் பகுதியின் இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ சாலையில் ஒரு மளிகைக் கடைக்குத்தான் போனோம். பருப்பு மூட்டைகளுக்குப் பக்கத்துத் தட்டில் அடுக்கியிருப்பார்கள். அவற்றில் எது முறையான பிரதி என்று கடைக்காரரை நாங்கள் கேட்டதில்லை. அட்டையின் அச்சே சொல்லிவிடும்.

ஒரே சமயத்தில் மூன்று தட்டு வைத்துக்கொள்ளும் திட்டம் மாதம் 17.99 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 800 ரூபாய். கடை வாடகை நான்கு டாலர் என்று வைத்தால், மாதம் ஐந்தாவது படத்தில் தபால் முந்திவிடும். நாங்கள் நால்வர் சேர்ந்து மாதம் பன்னிரண்டு பார்ப்போம், படத்துக்கு ஒன்றரை டாலர். கணக்கின் மறுபக்கமும் உண்டு. மாதம் இரண்டு படம் பார்க்கிறவருக்கு ஒரு படம் ஒன்பது டாலர். வந்த உறை பிரிக்காமல் தொலைக்காட்சி மேல் கிடக்கும், அபராதம் இல்லை என்பதால் உறுத்தவும் செய்யாது. கடைக்காரர் மறதிக்கு அபராதம் போட்டார். இவர்கள் அதே மறதியைச் சந்தாவாக வாங்கிக்கொண்டார்கள். உறுத்தாத அபராதம்தான் அதிக நாள் கட்டப்படுகிறது என்பதை எதிர்வீட்டுக்காரர் உறை மேல் காபிக் கோப்பையை வைத்துக் குடித்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதிகமாகப் பார்ப்பவருக்கு வேறொரு மறைவான விலை இருந்தது. அடிக்கடி தட்டு மாற்றுபவர்களைவிடக் குறைவாக மாற்றுபவர்களுக்கு அனுப்புவதில் முன்னுரிமை உண்டு என்று நெட்ஃபிளிக்ஸ் தன் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்தது. கூட்டு வழக்கு ஒன்று வந்த பிறகுதான் இது பரவலாகத் தெரிந்தது. "வரம்பில்லை" என்ற சொல்லுக்கு ஒரு வரம்பு இருந்தது.

பெரிய குறை மனநிலைதான். இரண்டு வாரம் முன்பு, ஏதோ உயர்ந்த நினைப்பில், மூன்றேகால் மணி நேர ஐரோப்பியப் படம் ஒன்றை, அடுத்தடுத்து அனுப்பச் சொல்லும் படங்களின் வரிசையில் சேர்த்திருப்போம். அது வேலைநாள் முடிந்து களைத்து வந்த செவ்வாய்க்கிழமை மாலையில் தபால்பெட்டிக்குள் வந்து நிற்கும்.

இந்தக் குறைக்கு மருந்து கண்டுபிடித்தது நாம் சிரிக்கிற அதே பிளாக்பஸ்டர். 2006 நவம்பரில் அவர்கள் கொண்டுவந்த திட்டத்தில், தபாலில் வந்த தட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து, கையோடு வேறொரு படத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தபாலின் விரிவும் கடையின் வேகமும் ஒரே சந்தாவில். பார்வையாளருக்கு அந்தப் பத்தாண்டில் கிடைத்த மிகச் சிறந்த பேரம் இதுதான் என்று இப்போதும் சொல்வேன். நடத்தியவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, 2007க்குள்ளேயே விலை ஏறியது, இலவச மாற்று குறைந்தது. பிளாக்பஸ்டருக்கு எதிர்காலம் தெரியவில்லை என்பவர்கள் இந்தத் திட்டத்தைச் சொல்வதே இல்லை. தெரிந்திருந்தது, தாக்குப்பிடிக்கத்தான் பணமில்லை.

## பதிவிறக்கம்

இதில் முதலில் இறங்கியவர்கள் ஸ்டூடியோக்களே. சோனி, யுனிவர்சல், வார்னர், பாரமவுண்ட், எம்ஜிஎம் ஐந்தும் சேர்ந்து 2002 நவம்பரில் மூவிலிங்க் என்ற தளத்தைத் திறந்தன. தொடக்கத்தில் சுமார் 170 படங்கள். உரிமையாளர்களே கடை போட்டும் 170தான்! இறக்கிய படத்தை 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டால் 24 மணி நேரத்தில் கோப்பு செத்துவிடும். விண்டோஸ் கணினி மட்டும். படத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர ஒரு கேபிளும், அதைச் சரியான துளையில் செருகத் தெரிந்த ஒரு நண்பரும் தேவை.

ஏன் அவ்வளவு குறைவு? ஒரு படம் அமெரிக்காவில் படிப்படியாக இறங்கும்: திரையரங்கு, டிவிடி, கட்டண ஒளிபரப்பு, பிறகு எச்பிஓ போன்ற சந்தா அலைவரிசைகள். சந்தா அலைவரிசையின் காலம் தொடங்கினால் மற்ற மின்னணு வழிகளிலிருந்து படத்தை எடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். நேற்று பட்டியலில் பார்த்த படம் இன்று காணாமல் போவது இப்படித்தான். அதே படத்தின் தட்டு கடையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் அதைத் திரும்பக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சிடிக்குள் அடங்கும்படி 700 மெகாபைட்டுக்கு நசுக்கிய படம், விநாடிக்கு 1.5 மெகாபிட் டிஎஸ்எல் இணைப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். 56 கிலோபிட் டயல்-அப் என்றால் ஏறக்குறைய 28 மணி நேரம், யாரும் தொலைபேசியைத் தொடாமல் இருந்தால். டிவிடியின் முழுத் தரத்தையே இறக்க நினைத்தால், இரட்டை அடுக்குத் தட்டு ஒன்றில் 8.5 ஜிகாபைட் வரை இருக்கும். அத்தகைய மூன்று தட்டுகளின் தரவு எங்கள் இணைப்பில் வந்து சேர 38 மணி நேரம் ஆகும். தபால்காரர் ஏறக்குறைய அதே நேரத்தில் கொண்டுவந்து போட்டுவிடுவார், இணையமும் அடைபடாது.

ஆப்பிளின் ஐடியூன்ஸ் 2006 செப்டம்பரில் டிஸ்னியின் 75 படங்களோடு தொடங்கியது. 9.99 முதல் 14.99 டாலர் வரை விலை, சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். கூடத்தில் பார்க்க 299 டாலருக்கு ஆப்பிள் டிவி பெட்டி மார்ச்சில் வந்தது. படத்துக்கான அதே விலைக்குக் கடையில் தட்டு கிடைத்தது. தட்டு என்றால் படத்தோடு உபரிக் காட்சிகள், வசன வரி, நண்பருக்கு இரவல் கொடுக்கும் உரிமை எல்லாம் உண்டு.

"சொந்தமாக" என்ற சொல் 2007இல் இரண்டு தடவை சோதனைக்கு வந்தது. கூகுள் தன் காணொளி விற்பனையை ஆகஸ்டில் மூடியது. வாங்கியவர்களின் படங்கள் அதற்குப் பிறகு ஓடவில்லை. முதலில் கட்டிய பணத்தைக் கூகுளின் சொந்தக் கட்டணச் சேவையில் மட்டும் செலவழிக்கக்கூடிய வரவாகத் தருகிறோம் என்றார்கள், கூச்சல் எழுந்ததும் பணத்தையே திருப்பினார்கள். வால்மார்ட் பிப்ரவரியில் பதிவிறக்கக் கடையைத் திறந்து டிசம்பரில் மூடியது. ஏற்கெனவே வாங்கிய படம் ஓடும், ஆனால் இறக்கிய அதே கணினியில் மட்டும். கணினியை மாற்றினால் படம் போச்சு. வீடியோ கடை திவாலானால்கூட, உங்கள் அலமாரியில் இருக்கும் தட்டை வந்து எடுத்துக்கொண்டு போகாது.

பதிவிறக்கம் ஒருவருக்கு மட்டும் சரியாகப் பொருந்தியது: வாரா வாரம் விமானத்தில் பறக்கும் ஆலோசகர்கள். எங்களில் ஒருவன் திங்கள் காலை அட்லாண்டா போய் வியாழன் இரவு திரும்புவான். ஞாயிறு இரவில் மடிக்கணினியில் இரண்டு படங்களை இறக்கிவைப்பான். விடுதி அறையில் கடையும் இல்லை, தபால்பெட்டியும் இல்லை.

## ஸ்ட்ரீமிங்

2007 ஜனவரியில் அறிவித்தபோது சுமார் 1,000 தலைப்புகள். தபாலில் 70,000. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே முடிவு தெரிந்துவிடும். பணத்துக்கு ஏற்ற மணி நேரம் வேறு: 17.99 டாலர் சந்தாவுக்கு மாதம் 18 மணி நேரம். விண்டோஸும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் வேண்டும். விநாடிக்கு ஒரு மெகாபிட்டாவது இணைப்பு வேண்டும், டிவிடி போலத் தெரிய மூன்று. எங்களிடம் இருந்தது ஒன்றரை. முகங்கள் கொஞ்சம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருக்கும். புதுப் படம் கிட்டத்தட்ட கிடையாது. பழைய படம், ஆவணப்படம், தொலைக்காட்சித் தொடர்கள்.

தனி வழியாக இதை மட்டும் நம்பியவர் அந்த ஆண்டு ஏமாந்திருப்பார். ஆனால் தனியாக இதற்குக் காசு கிடையாது. தபால் சந்தாவோடு ஒட்டி வந்தது.

ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு ஒன்றைக் கவனித்தேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று விட்டுவிட முடிந்தது. கடையில் நான்கு டாலர் கொடுத்து, கார் ஓட்டிப்போய் எடுத்து வந்த படத்தை அப்படி விட மனம் வராது; கடைசிப் பெயர் வரிசை வரை உட்கார்ந்து திட்டுவோம். தபாலில் வந்ததை விட்டால் அடுத்தது வர மூன்று நாள். இங்கே தவறான தேர்வுக்கு அபராதமே இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் நான் எந்நாளும் எடுத்திருக்காத ஆவணப்படங்கள் ஏழெட்டைப் பார்த்தேன். நல்ல படத்தைப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கும் பழக்கமும் அதே மாதத்தில்தான் தளரத் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அனுமதிக் கேள்விக்கு இங்கே மிக மோசமான மதிப்பெண். பின்னால் நடந்ததைக் கொண்டு அளக்கக் கூடாது என்று நானே சொன்னேன். ஒரு தடவை மட்டும் மீறுகிறேன். 2008 அக்டோபரில் ஸ்டார்ஸ் என்ற சந்தா அலைவரிசையோடு ஒப்பந்தம் போட்டதும் ஸ்ட்ரீமிங்கில் ஒரே வீச்சில் சுமார் 2,500 தலைப்புகள் சேர்ந்தன, அவற்றில் டிஸ்னி, சோனி படங்களும் இருந்தன. 2012 பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்தது. அத்தனையும் போயின.

## ஒரே பார்வையில்

| | கடை | தபால் | பதிவிறக்கம் | ஸ்ட்ரீமிங் |
|---|---|---|---|---|
| விரிவு | புதுப் படம் நிறைய, பழசு குறைவு | 70,000க்கு மேல் | தளத்தைப் பொறுத்து. படங்கள் வந்து போகும் | சுமார் 1,000 |
| எப்போது | இன்றிரவு, இருப்பு இருந்தால் | இரண்டு மூன்று நாள் | ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் | உடனே |
| பலகை விலை | புதுப் படத்துக்கு 4 டாலரை ஒட்டி | மாதம் 17.99 டாலர், மூன்று தட்டு | வாங்க 9.99 முதல் 14.99 டாலர் (ஐடியூன்ஸ்) | தபால் சந்தாவுக்குள் |
| மறைவான விலை | அபராதம், இரண்டு பயணம் | பிரிக்காத உறை, அதிகம் பார்ப்போருக்குத் தாமதம் | கேபிள், பெட்டி, மூடப்படும் கடை | வேகமான இணைப்பு, மணி வரம்பு |
| திரை | தொலைக்காட்சி | தொலைக்காட்சி | பெரும்பாலும் கணினி | கணினி |
| அனுமதி | தேவையில்லை | தேவையில்லை | படத்துக்குப் படம் | படத்துக்குப் படம், தேதியோடு |

## யாருக்கு எது

மாதம் நான்கு படத்துக்குக் குறைவாகப் பார்க்கிற, கடைக்குப் பக்கத்தில் குடியிருக்கிற, கெடுவை மறக்காத குடும்பத்துக்குக் கடைதான் மலிவு. மூன்று நிபந்தனையும் சேர வேண்டும். ஒன்று தவறினாலும் கணக்கு கவிழும். எனக்கு மூன்றாவது எப்போதுமே தவறும்.

ஐந்துக்கு மேல் பார்ப்பவர்கள், பழைய படம், பிறமொழிப் படம் தேடுபவர்கள், நகரத்துக்கு வெகு தொலைவில் இருப்பவர்கள் தபாலைத்தான் எடுத்திருக்க வேண்டும். மொன்டானாவின் ஒரு பண்ணை வீட்டுக்கும் மன்ஹாட்டன் அடுக்ககத்துக்கும் ஒரே பட்டியல், ஒரே விலை. அதற்கு முன் எந்தக் கடையும் தராத சமத்துவம் அது. பிளாக்பஸ்டர் கடை அருகில் இருந்தவர்கள் அந்தக் கலப்புத் திட்டத்தை அது நீடித்த வரைக்கும் அனுபவித்திருக்கலாம். நாங்கள் தயங்கி நின்றோம், சேர நினைத்தபோது விலை ஏறியிருந்தது.

பயணிகளுக்குப் பதிவிறக்க வாடகை. பதிவிறக்கத்தில் படத்தை "வாங்க" நினைத்தவர்களுக்கு என் பதில் அன்றும் இன்றும் ஒன்றே: தட்டாக வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தலாமா என்று 2007இல் யாராவது கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது சரியான பதிலாகவும் இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று தட்டுத் திட்டம். வரிசையில் முதலிடம் யார் படத்துக்கு என்று வாராவாரம் சண்டை. கடைசியில் ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்தோம். மூன்றேகால் மணி நேர ஐரோப்பியப் படங்களைச் சேர்த்தவனுக்கு மட்டும் மாதம் ஒன்று என்று வரம்பு விதித்தோம். அது நான்தான்.

2008 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் மணி வரம்பை எடுத்தது. மே மாதம், தொலைக்காட்சியோடு இணைக்கும் ரோக்கு நிறுவனத்தின் சின்னப் பெட்டி 99.99 டாலருக்கு வந்தது. ஸ்ட்ரீமிங் கணினியை விட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. மேலே உள்ள அட்டவணையில் அனுமதிக் கட்டமும் விரிவுக் கட்டமும் அப்படியே இருந்தன, திரைக் கட்டம் மட்டும் மாறியது. அந்தக் கோடையில் தனி வீடு பார்த்துப் போன நண்பன் என்ன செய்யலாம் என்று கேட்டான். ஒரே ஒரு தட்டுக்கான 8.99 டாலர் திட்டத்துக்கு இறங்கு, பெட்டியை வாங்கு, டிவிடி கருவியை விற்றுவிடாதே என்றேன். முதல் இரண்டையும் செய்தான். கருவியை நூறு மைல் தள்ளியிருந்த தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே தபாலில் வந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தான்.